ஒன்பதாவது வாத்தியார்

“அம்மா, நான் இனி ஊருக்குத் திரும்பப் போறதா இல்ல. கடைசிவரைக்கும் இங்கேயே இருந்துடட்டுமா?”

கேட்டவர் பொன்னுரங்கம். விருதுநகர்ப் பக்கம் முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நேபாளத்து மலைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யவென்று மூன்று மாதத்துக்கு வந்திருந்தார்.

கேட்டது ஆனி யாங்சென்னிடம். ஆனி என்றால் அங்கே பெண் துறவி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு நாள் ஏற வேண்டிய அந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். வயதில் பொன்னுரங்கத்தின் இளைய மகளைவிடச் சின்னவர். ஆனாலும் வந்த மறுநாளே அவரைக் குருவாக வரித்துக்கொண்டுவிட்டார் மனிதர்.

அவருடைய ஆசைக்குக் காரணம் இருந்தது. சொந்த ஊரில் அவர் நடத்திய கணக்கு ஒரு பிள்ளையின் மண்டையிலும் ஏறியதில்லை. இங்கேயோ ஒன்று, இரண்டு எழுதத் தெரியாமல் விழித்த பதினான்கு பிள்ளைகள் நாற்பதே நாளில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். தினம் ஒரே ஒரு பிள்ளைதான் தப்பு செய்யும். அதுவும் ஆள் மாற்றி ஆள். திருத்தினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுப்புப் பற்றவைக்கக் காகிதம் வேண்டும், பரணில் மூட்டை இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்றார் ஆனி.

ஏணி வைத்து ஏறினார். மூட்டையில் பழைய நோட்டுகள்.

ஒன்றைப் பிரித்தார். ஒன்றிலிருந்து பத்து. பிறகு பன்னிரண்டு வரை வாய்ப்பாடு. கீழே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம்.

கையெழுத்து தெரிந்ததாக இருந்தது. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. வகுப்பில் அப்படி எழுதுவது பதினொரு வயது லாமு ஒருத்திதான்.

நோட்டில் இருந்த தேதிக்கு நாலு வயது ஆகியிருந்தது.

அடுத்த நோட்டு. அதே ஏழு, அதே வாய்ப்பாடு. நட்சத்திரம் பச்சையில். அடுத்தது ஊதாவில். மொத்தம் எட்டு நோட்டு.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏணியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினார்.

“இதுங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான். நீங்க ஒன்பதாவது ஆள்.”

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறார். கொல்லர்களும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள்.

ஏன் நடித்தார்கள் என்று கேட்டார். அது நடிப்பில்லை, மரியாதை என்றார் ஆனி. இரண்டு நாள் மலையேறி வந்த விருந்தாளி எதைக் கொடுத்தாலும், எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லையாம். முதல் தடவை பார்ப்பதுபோலத்தான் வாங்கிக்கொள்வார்களாம். பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லையாம்.

லாமுவைப் பற்றிக் கேட்டார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. போன வருடம் அவள் கீழே போய், விடுதிப் பள்ளிக்கூடத்தின் நுழைவுத் தேர்வு எழுதினாளாம். தாள் முழுக்கப் பின்னக் கணக்கு. அதற்குமுன் அதை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை; ஆனிக்கும் கணக்கு வராதாம். இன்னும் இரண்டு மாதத்தில் கடைசி வாய்ப்பு. அதற்குமேல் வயது தாண்டிவிடும்.

அந்தப் பெண்ணின் நாற்பது நாளைப் பொன்னுரங்கமும் தின்றிருக்கிறார்.

“தெரிஞ்சும் ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“மூணாவதா வந்த டீச்சர்கிட்ட சொன்னேன். அழுதுட்டு அன்னிக்கே மலை இறங்கிட்டாங்க. அப்புறம் அஞ்சு மாசம் யாருமே வரல.” ஆனி விறகை உடைத்து அடுப்பில் வைத்தார். “நீங்களும் பிள்ளைங்களை ஒண்ணும் கேக்கலையே சார். வந்ததும் நேரா போர்டுல ஒண்ணுன்னு எழுதினீங்க.”

“இப்ப மட்டும் எதுக்குக் காட்டினீங்க?”

“விருந்தாளிக்குத்தான் காட்டக்கூடாது. நீங்க இங்கேயே இருக்கப்போறேன்னு சொன்னீங்களே.”

அவமானத்தில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அறைவரை போனார். பெட்டியைத் தொட்டும் பார்த்தார்.

பிறகு வகுப்புக்குப் போனார்.

பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னார். கரும்பலகையைத் துடைத்தார். சாக்பீஸை லாமுவின் கையில் கொடுத்துவிட்டு, அவளுடைய இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“உனக்குத் தெரியாத கணக்கு ஒண்ணு எழுதும்மா.”

லாமு வாசலைப் பார்த்தாள். வாசலில் நின்ற ஆனி தலையை மட்டும் அசைத்தார்.

அவள் மெதுவாக எழுதினாள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன? கீழே விடையும் போட்டாள். ஐந்தில் இரண்டு.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பொன்னுரங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது நாளில் அந்த வகுப்பில் அவர் பார்த்த முதல் நிஜமான தப்பு அதுதான்.