நூற்றைம்பது பாதிக் கேள்விகள்

சவரிமுத்து முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் இணைப்பை ஒரு நாளும் துண்டித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு நாச்சியார் டீச்சரிடம் கணினி கற்றுக்கொண்டார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது, டீச்சருக்கு நாற்பத்திரண்டு.

ஒரு தர்ம ஸ்தாபனத்தின் சர்வர் கணினியை நாச்சியார் அவர் பொறுப்பில் விட்டிருந்தார். பாம்புக்கடி மருந்து இன்று எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேட்டால் அது சொல்லும். ஒரே நேரத்தில் நூற்றைம்பது பேர் கேட்கலாம்.

அந்த சர்வரின் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. கேள்வியை முடிக்காமல் அவ்வப்போது ஓர் எழுத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், சர்வர் காத்துக்கொண்டே இருக்கும். மென்பொருளைச் செய்தவர்களே அதைக் கண்டுபிடித்துத் திருத்தமும் அனுப்பிவிட்டார்கள். இருபது நொடிக்குள் முடியாத கேள்வியைத் திருத்தம் துண்டித்துவிடும்.

சவரிமுத்து அதைப் போடவில்லை. மலைக்கிராமத்து நர்சுகளுக்கு சிக்னல் சரியாகக் கிடைக்காது. அவர்கள் கேள்வி எழுத்தெழுத்தாகத்தான் வந்து சேரும்.

திருத்தம் வந்த பதினேழாம் நாள் காலை பத்து இருபதுக்கு, எவனோ ஒருவன் நூற்றைம்பது கேள்விகளைத் தொடங்கினான். ஒன்றையும் முடிக்கவில்லை. நாற்பத்து மூன்று நிமிஷம் வேறு யாருக்கும் இடமில்லை. அந்த நேரத்தில், களை எடுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்த பூவாயியை ஏற்றிய வண்டி, மருந்து இல்லாத இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. மூன்றாவதன் வாசலில் அவள் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை சவரிமுத்து டீச்சர் முன்னால் வந்து உட்கார்ந்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"பேச வந்தவங்களை முழுசாப் பேச விட்டேன். அது பாவமா டீச்சர்?"

"அண்ணே, அந்தப் பூவாயி..." என்று தொடங்கி நாச்சியார் நிறுத்தினார்.

சவரிமுத்து காத்திருந்தார். கைப்பேசி அடித்தது. எடுக்கவில்லை. பதினோரு முறை அடித்து ஓய்ந்தது.

"அவளுக்கு..." என்றார் நாச்சியார்.

மறுபடி அடித்தது. சவரிமுத்து டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் ஓய்ந்தது.

"அவளுக்கு என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லை. நான் எதுவும் சொல்ல வரலை. போன்ல யாரு?"

"பாக்கலையே. நீங்க பேசிட்டிருந்தீங்க."

"இன்னும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுலயேதான் உட்கார்ந்திருக்கீங்க அண்ணே."

சவரிமுத்து சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"மூணு மாசத்துல மலையிலிருந்து மெதுவாக் கேட்டவங்க மூலமா பதினாலு பேர் பிழைச்சிருக்காங்க. ஒவ்வொரு பேரும் எழுதி வெச்சிருக்கேன்."

"நேத்து வண்டியிலிருந்து எத்தனை தடவை கேட்டாங்க?"

"தெரியாது. உள்ளே இடம் கிடைச்சவங்க கேட்டதுதான் பதிவாகும்."

சொல்லிவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மூடிவிட்டு, கணினியைத் தன் பக்கம் திருப்பினார். திருத்தத்தைப் போட்டார். எத்தனை நொடி என்று கேட்கும் கட்டத்தில் விரல் நின்றது.

"இருபது போதாது டீச்சர். நாற்பது போடட்டுமா?"

"போடுங்க."

"நாற்பத்தொண்ணாவது நொடியில ஒரு நர்சு கேட்டுட்டிருந்தா?"

"அவளையும் துண்டிப்பீங்க. இந்தத் தடவை தெரிஞ்சே."