ஆண்டியப்பன் காட்டிய கை

மலையடிவாரத்தில் இருந்த திலகவதி அம்மாவின் ஆசிரமத்துக்கு ஆண்டியப்பன் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மாவுக்கு நாற்பத்து நான்கு. அம்மா முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அதனால்தானோ என்னவோ, நீட்டி முழக்கிப் பேச மாட்டார்.

ஆண்டியப்பன் முப்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவர். நாற்பது வயதை நெருங்கும்போது கையிலும் காலிலும் கரப்பான் வந்தது. முதலில் விரலிடுக்கில் நமைச்சல். பிறகு ஜவ்வரிசி மாதிரி நீர்க்கொப்புளம். அது வற்றியதும் தோல் தடித்து, வெடித்து, ரத்தம் கசியும். பூண்டு உரித்தால் எரியும். புளி கரைத்தால் எரியும். பாத்திரச் சோப்பு பட்டால் கேட்கவே வேண்டாம். பந்தியில் பரிமாறப் போனால் இலையில் உட்கார்ந்திருப்பவர்கள் சோற்றைப் பார்ப்பதில்லை. அவர் கையைப் பார்ப்பார்கள். ஒட்டாத நோய் என்று எத்தனை பந்திக்குச் சொல்ல முடியும்?

பச்சிலை கட்டினார். பத்தியம் இருந்தார். எந்தக் குளத்தில் முழுகினால் தீரும் என்றார்களோ அந்தக் குளத்தில் முழுகினார். கடைசியில், ஆசிரமத்துக்கு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஆஸ்பத்திரியில் ஒரு தோல் டாக்டரம்மா, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன் கெடுதல் தெரியாமலிருக்க இன்னொரு நாள் ஒரு வைட்டமின் மாத்திரை. தூங்கப் போகுமுன் களிம்பு. கை நனைந்தால் உடனே துடைத்து வாசலின். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, ஈரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க.

ஆசிரமத்துக்கு வந்த முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார்.

"அம்மா, எனக்குக் கை கால்ல கரப்பான். ஒட்டாது. மருந்து சாப்பிடுறேன். இங்க சேத்துக்குவீங்களா?"

"மருந்து என்னைக்குச் சாப்பிடணும்?"

"செவ்வாக்கிழமை."

"மறுநாள் எப்படி இருக்கும்?"

இருபது வருட நோயில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"குமட்டும். உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும்."

"அப்போ புதன்கிழமை உங்களுக்கு வேலை கிடையாதுண்ணே," என்றார் அம்மா.

"எனக்குச் சமையல் ஒண்ணுதாம்மா தெரியும். ஆனா தண்ணியில கை வைக்கக் கூடாது."

"பதம் சொல்ல மூக்கு போதாதா?"

அப்படியே ஆயிற்று. அடுப்படி ஓரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நூறு பேருக்கு மேல் வருவார்கள். அம்மா கொஞ்சம் பேசுவார். பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. சாப்பாட்டுக்காகவே வந்தவர்களும் உண்டு என்று ஆண்டியப்பனுக்குத் தெரியும். அதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

எட்டு மாதத்தில் கை ஆறிவிட்டது. பாதமும் ஆறியது. ஒரு நாள் காலையில் உள்ளங்கையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ போல் இருந்தது. ரேகை தெரிந்தது.

அந்தப் பௌர்ணமியில் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க சமையல்காரர் ஆண்டியப்பன்தானே? என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தீங்களே. அன்னைக்குக் கை ஒரு மாதிரி இருந்துச்சு. இப்போ சுத்தமா இருக்கே!"

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டியப்பன் எழுந்து நின்றார். கூட்டத்தின் முன்னால் நின்று அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"எல்லாம் அம்மாவோட அருள்," என்றார்.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சிலர் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவி வந்து அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருடம் எல்லாரும் விலகிப்போன கை அது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆண்டியப்பன் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார். சாப்பிட மனம் வரவில்லை. அருள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இதைச் சாப்பிட்டால் சொன்னது பொய்யாகிவிடும். சாப்பிடாவிட்டால் மெய்யாகிவிடும் அல்லவா? அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்து மூடினார். களிம்பையும் அதோடு வைத்தார். புதன்கிழமை குமட்டல் இல்லை. அதையும் அருளின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நான்காவது வாரம் வலது கை மோதிர விரலுக்குப் பக்கத்தில் நமைச்சல் எடுத்தது. கொசு என்று நினைத்தார். மறுநாள் ஜவ்வரிசி மாதிரி நாலு கொப்புளம். அதற்கடுத்த வாரம் இரண்டு உள்ளங்கையும் வெந்து உரிந்தன. குதிகால் வெடித்தது. நடந்தால் தரையில் ரத்தப் பொட்டு விழுந்தது. யாரும் பார்ப்பதற்குள் துணியால் துடைத்தார். காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்தார். கேட்டவர்களுக்குக் குளிர் என்றார். நடுப்பகலிலும் குளிர் என்றார்.

தன் நம்பிக்கையில்தான் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மாத்திரை பெட்டியிலேயே கிடந்தது.

அந்த வாரம் ஒரு ஆள் வந்தார். பெயர் வீரணன். அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆண்டியப்பன் தூண் ஓரம் நின்றிருந்தார்.

"என் அக்கா மக முல்லைக்கொடிக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பும்மா. நாலு நாளைக்கு முன்னாடி அடுப்புக்கிட்ட நிக்கும்போது வந்துருச்சு. கொதிக்கிற கஞ்சி மேல விழுந்து கை வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில கெடக்குறா. நீங்க ஒரு பிடி விபூதி குடுத்தா கொண்டுபோய்ப் பூசிருவேன்."

"வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறாளா?" என்று கேட்டார் அம்மா.

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தா. போன பௌர்ணமிக்கு முந்தின பௌர்ணமிக்கு அக்கா இங்க வந்திருந்துச்சு. ஒரு ஐயா கையைக் காட்டிச் சொன்னாராமே, அருளாலேயே ஆறிருச்சுன்னு. அதைக் கேட்டுட்டு அக்கா மாத்திரையை நிறுத்திருச்சும்மா. நம்பிக்கை முழுசா இருக்கணும்ல?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் ஆண்டியப்பனால் தாங்க முடியாததாக இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடம் எரிந்தது.

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கையைக் காட்டுங்க."

ஆண்டியப்பன் அசையவில்லை.

"துண்டை எடுத்துட்டுக் காட்டுங்க."

துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லப் பிரித்தார். வீரணன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்போ நிறுத்துனீங்க?"

"சொன்னதுக்கு மறு வாரம்."

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார்.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று வீரணனிடம் கேட்டார்.

"விபூதி?"

"நாங்களே வர்றோம்."

ஆஸ்பத்திரியில் முல்லைக்கொடி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண். நர்ஸ் வலிப்பு மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டதாகச் சொன்னார். அவள் அம்மா சிந்தாமணி கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். திலகவதி அம்மாவைப் பார்த்ததும் பதறி எழுந்து காலில் விழப் போனாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இவருக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

வழியெல்லாம் ஆண்டியப்பன் பத்து விதமாகப் பேச்சைத் தயார் செய்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தாயி, என் கை மாத்திரையிலதான் ஆறுச்சு. அன்னைக்கு அதைச் சொல்லாம விட்டுட்டேன். அப்புறம் மாத்திரையை நிறுத்துனேன். இந்தா பாரு."

இரண்டு கையையும் நீட்டினார். சிந்தாமணி அந்தக் கையைப் பார்த்தாள். மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"மாத்திரையை நீங்க நிறுத்தச் சொல்லலையே," என்றாள். "நான்தானே நிறுத்துனேன்."

பிறகு சுவரைப் பார்த்துக் குலுங்கி அழுதாள்.

திலகவதி அம்மா ஆண்டியப்பனைத் தோல் டாக்டரிடம் அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். வரிசையில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா கையைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"ஆறிருச்சேன்னு."

"மாத்திரை சாப்பிட்டதாலதானே ஆறுச்சு?"

ஆண்டியப்பன் தலையாட்டினார்.

"விட்ட வாரத்துக்கும் சேத்துச் சாப்பிட்டா சீக்கிரம் ஆறுமாம்மா?"

"ஐயோ, அப்படிச் செஞ்சுராதீங்க. உசுருக்கே ஆபத்து. வாரம் ஒரு நாள்தான், சொன்ன அளவுதான். முதல்ல ரத்தம் குடுத்துட்டு வாங்க."

"எத்தனை வருசத்துக்கும்மா?"

"கட்டுக்குள்ள வந்தா போகப் போகக் குறைக்கலாம். நிறுத்தியும் பாக்கலாம். ஆனா நாம ரெண்டு பேரும் சேந்து நிறுத்துவோம், சரியா? திரும்ப வந்தா திரும்பத் தொடங்குவோம்."

அவ்வளவுதான். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று ஆண்டியப்பன் தனியாகத்தான் ஆசிரமம் திரும்பினார். அம்மா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார். முல்லைக்கொடிக்குச் சாதம் ஊட்டினாராம், தலை வாரிவிட்டாராம், கணக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தாராம். ஆசிரமத்தில் எல்லாருக்கும் அது அதிகமாகத்தான் தெரிந்தது. ஆண்டியப்பனுக்கும்தான்.

பௌர்ணமி வந்தது. கூடம் நிறைந்திருந்தது. அம்மா பேச்சைத் தொடங்கும் முன் ஆண்டியப்பன் எழுந்து நின்றார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இங்க நின்னு கையைக் காட்டுனேன். இன்னைக்கும் காட்டுறேன்," என்றார். மருந்து மறுபடி தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கை இன்னும் சிவந்து, தோல் உரிந்துகொண்டுதான் இருந்தது. நடந்ததை முழுதும் சொன்னார். முல்லைக்கொடியைப் பற்றி, பெயர் சொல்லாமல் சொன்னார். "யாராச்சும் என் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தியிருந்தா, நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க."

ஒருவர் எழுந்தார். "அப்போ அம்மாவோட அருள்னு ஒண்ணும் கிடையாதுன்னு சொல்றீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. கைக்கு மாத்திரைதான்."

அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து வந்து, தன் கணவர் சர்க்கரைக்கு ஊசி போடுவதை விட்டு ஒரு மாதமாகிறது என்று ஆண்டியப்பனிடம் ரகசியமாகச் சொன்னாள்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போம்மா," என்றார் அவர்.

அடுத்த பௌர்ணமிக்கு முப்பது பேர்தான் வந்தார்கள். சோறு மிஞ்சியது. முப்பது வருடத்தில் அளவு தவறியதில்லை என்று பேர் வாங்கியவர் ஆண்டியப்பன். மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து எதிரில் தரையில் உட்கார்ந்து, ஒரு தட்டில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டார்.

"என்னாலதான் கூட்டம் குறைஞ்சுபோச்சும்மா."

"ரசம் நல்லா இருக்குண்ணே."

ஆண்டியப்பன் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பல நாளாக மனதில் கிடந்ததை அன்று கேட்டுவிடுவதென்று முடிவு செய்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அருள்னு நான் சொன்ன அன்னைக்கு நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. நான் மாத்திரை சாப்பிடுறது உங்களுக்குத் தெரியும். செவ்வாக்கிழமையும் தெரியும், புதன்கிழமையும் தெரியும். அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அம்மா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"கேக்க நல்லா இருந்துச்சுண்ணே."

ஆண்டியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அதில் வெட்கமும் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை.

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான். நூறு பேர் கும்பிட்டாங்க. சொல்லணும்னு தோணுச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அப்படியே ரெண்டு மாசம் போயிருச்சு."

அடுப்பில் மிச்சமிருந்த தணல் சரிந்தது. ஆண்டியப்பன் தன் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்போ அந்த ஆசை உங்களை விட்டுப் போயிருச்சாம்மா?"

"போகலைண்ணே," என்றார் அம்மா. "கட்டுக்குள்ள இருக்கு."