மூன்று புரி போட்ட ஃபியூஸ்

சூளைப் பக்கம், எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்றைத் தலைமேல் தூக்கிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், ஒரு காலத்தில் நாலு வீடு கொண்ட கட்டடம் ஒன்று இருந்தது. அதன் மாடிப்படிக்கு அடியில், ஒரே மரப்பலகையில், நாலு மீட்டர்களும் ஒரு மெயின் ஃபியூஸும் குடியிருந்தன. அந்தக் காலத்து மீட்டர்கள். உள்ளே சக்கரம் சுற்றும். சக்கரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். மீட்டருக்கு அதுதான் கண்.

கீழே தையல்காரர் அன்வர் பாஷாவும் அவர் மனைவி ஷாகிராவும். கீழேயே எதிர்ப்பக்க வீட்டில் லேத் பட்டறை சிகாமணி. முதல் மாடியில், கடலைமாவுப் பலகாரம் போட்டு விற்கும் குஜராத்தி அம்மா கமலாபென். அதற்கும் மேலே மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறையில், பியூட்டி பார்லர் வேலைக்காக மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பெண். அவளுக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ‘மேல் வீட்டுப் பொண்ணு’ என்றாலே போதுமாக இருந்தது.

ஃபியூஸ் ஒரு பயந்தாங்கொள்ளி. அதைக் குறை சொல்ல முடியாது. பயப்படுவதுதான் அதன் உத்தியோகம். பாஷா இஸ்திரிப் பெட்டியைப் போடுகிற நேரம் பார்த்துக் கமலாபென் கிரைண்டரைத் தட்டினால் போதும். “ஐயோ, தாங்காது!” என்று அலறிக்கொண்டு எரிந்துவிடும். கட்டடம் இருண்டுவிடும். உடனே நாலு கதவும் திறக்கும்.

“பாய், உங்க வீட்ல கரண்ட் இருக்கா?”

“இல்லம்மா. அண்ணன் வீட்ல?”

“இங்கயும் இல்ல. அந்தத் தொடைநடுங்கிதான் போயிருக்கும், வேற யாரு.”

சிகாமணி மெழுகுவத்தி வெளிச்சத்தில் புதுக் கம்பி சுற்றுவார். மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து, முந்தானையாலும் செய்தித்தாளாலும் விசிறிக்கொண்டு கரண்ட் ஆபீஸைத் திட்டுவார்கள். மேல் வீட்டுப் பொண்ணும் வந்து கடைசிப் படியில் உட்காரும். திட்டுகிற பாஷை புரியாவிட்டாலும் கூடச் சேர்ந்து சிரிக்கும். வெளிச்சம் வந்ததும் திட்டு பாதியிலேயே நிற்கும். கதவுகள் சாத்திக்கொள்ளும்.

ஒருநாள் சிகாமணிக்குச் சலித்துவிட்டது. பட்டறையிலிருந்து கெட்டியான செம்புக் கம்பி கொண்டுவந்து, மூன்று புரியாக முறுக்கி ஃபியூஸ் கட்டையில் கட்டினார். “இனிமே இடியே விழுந்தாலும் இது அசையாது,” என்றார்.

அசையவில்லை. ஃபியூஸுக்குக் குரலே மாறிவிட்டது. “பயமா? அது எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கேட்க ஆரம்பித்தது. கட்டடத்தில் கரண்டும் போகவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சந்துக்குள் ஒரு பேச்சு நுழைந்தது. ஒரு கும்பல் சுற்றுகிறதாம். பெண் அழுகிற சத்தத்தைச் செல்போனில் பதிந்துவந்து, வாசலில் நின்று ஓட்டுவார்களாம். பாவமாச்சே என்று கதவைத் திறந்தால் அவ்வளவுதானாம். யாருக்கு நடந்தது என்று கேட்டால் அடுத்த தெருவைக் காட்டினார்கள். அடுத்த தெருவில் கேட்டால் இந்தச் சந்தைக் காட்டினார்கள்.

ஃபியூஸை விட்டுப் போன பயமெல்லாம் படியேறி வீடுகளுக்குள் குடிபுகுந்துவிட்டது. கமலாபென் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் அடித்தார். பாஷா பொழுது சாயுமுன் ஜன்னலை அடைத்தார். சிகாமணி கதவுப் பக்கத்தில் ஒரு கடப்பாரையைச் சாத்திவைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பார்லருக்கு விடுமுறை. சாயங்காலம் மங்கிக்கொண்டு வந்தது. மேல் வீட்டுப் பொண்ணின் மாடி மீட்டரில் சக்கரம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, உங்க வீட்ல கல்யாணமா?” என்றது பாஷா வீட்டு மீட்டர்.

“ஹீட்டர் ராடு,” என்றது மாடி மீட்டர். “குளிக்கத் தண்ணி காய வச்சுது பொண்ணு. எப்பவோ அணைச்சிருக்கணும். அணைக்கல.”

“மறந்திருக்கும்.”

“மறக்கிற பொண்ணு இல்ல அது. எனக்கு என்னமோ பண்ணுது. ஓட்டத்தை நிறுத்தவும் முடியல.”

அது கம்பி வழியாக மேலே குரல் கொடுத்தது. “ஏ ராடு! அங்க என்ன நடக்குது?”

கொதிக்கிற தண்ணீருக்குள்ளிருந்து ராடின் பதில் திக்கித் திக்கி வந்தது. “வழுக்கி விழுந்துட்டா. கால் ஒரு மாதிரி மடங்கிக் கிடக்கு. குளியலறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. எழுந்து எடுக்க முடியல. சுவிட்சு வெளியே இருக்கு. தண்ணி கொதிச்சுக் கொதிச்சுக் குறையுது. நான் வேணும்னு செய்யல. எனக்குத் தானா அணையத் தெரியாது.”

“தண்ணி முழுக்கத் தீர்ந்துட்டா?”

“பிளாஸ்டிக் வாளி,” என்றது ராடு. அதற்குமேல் அது சொல்லவில்லை.

அப்போது மேலேயிருந்து ஓர் அழுகுரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. மெலிந்த குரல்தான். ஆனால் எல்லாக் கதவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

மீட்டர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. கமலாபென் வீட்டு இரண்டாவது தாழ்ப்பாள் விழுந்தது. பாஷா வீட்டு டிவி சத்தம் கூடியது. சிகாமணி வீட்டில் மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

“அவங்களுக்குக் கேக்கலையா?” என்றது மாடி மீட்டர்.

“நல்லாக் கேட்டுச்சு,” என்றது சிகாமணி வீட்டு மீட்டர். “அதனாலதான் திறக்க மாட்டாங்க.”

கமலாபென் வீட்டு மீட்டர் மெதுவாகக் கேட்டது. “நாலு கதவும் ஒண்ணாத் திறந்தது கடைசியா எப்போ?”

எல்லாச் சிவப்புக் கண்களும் ஃபியூஸ் பக்கம் திரும்பின.

“என்னை ஏன்யா பாக்கறீங்க?”

“எரிஞ்சு போ, தம்பி.”

“பயம் வந்தாத்தானே எரிவேன்? மூணு புரி போட்டிருக்கு. தொட்டுப் பாரு!”

“பயத்தை நாங்க வரவழைக்கிறோம்,” என்றது பாஷா வீட்டு மீட்டர். “கேளு. அந்தக் கும்பல் இருக்கே, முதல்ல வந்து மெயினைத்தான் பிடுங்குவாங்களாம். கையில அரிவாள் வச்சிருப்பாங்களாம்.”

“வரட்டும். கை வச்சா ஷாக் அடிக்கும்.”

“மூலை டிரான்ஸ்ஃபார்மர்ல ஒரு லைன்மேன் பேய் இருக்கு,” என்றது கமலாபென் வீட்டு மீட்டர். “செத்தப்புறமும் டூட்டி பாக்குது. பல் எல்லாம் பீங்கான். பொழுது சாஞ்சா கம்பி மேலயே நடந்து வரும்.”

“வந்தா உக்காரச் சொல்லு. டீ வாங்கித் தர்றேன்.”

“கரண்ட் ஆபீஸ் ஆளு வந்து உன்னைப் பேத்துக் குப்பையில வீசுவான்!” என்று கத்தியது சிகாமணி வீட்டு மீட்டர்.

ஃபியூஸ் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று புரிகளும் சில்லென்று இருந்தன. தனக்கு என்ன ஆகும் என்று எவ்வளவு சொன்னாலும் அதற்குள் ஒன்றும் ஏறவில்லை.

“நீ ஒண்ணும் சொல்லலையா?” என்று மாடி மீட்டரைச் சீண்டியது.

“எனக்குக் கதை சொல்ல வராது. ராடு சொல்றதை அப்படியே சொல்றேன். தண்ணி பாதிக்குக் கீழே போயிடுச்சு. இவ்வளவு நேரம் தண்ணி மொள்ளுற மக்கால கதவைத் தட்டிக்கிட்டிருந்தா. இப்ப தட்டல.”

ஃபியூஸ் சிரிப்பை நிறுத்தியது.

“இமா, இமான்னு ஏதோ முனகுறாளாம்.”

“அப்படின்னா?”

“தெரியல. அழும்போது எல்லாரும் யாரைக் கூப்பிடுவாங்களோ, அவங்களைத்தான் கூப்பிடுறா போல.”

ஒரு புரி லேசாகச் சிவந்தது.

“இது கதை இல்லையே? உண்மையைச் சொல்லு.”

“வாளி விளிம்பு இளகுதாம். அவ கை வாளிக்குப் பக்கத்துல இருக்காம். நகத்துக்கெல்லாம் ரோஸ் கலர் போட்டிருக்கா. எந்த ஊருக்கோ, யார் கல்யாணத்துக்கோ போகக் கிளம்பின மாதிரி…”

“போதும்,” என்றது ஃபியூஸ். அதன் பழைய குரல் திரும்பியிருந்தது. “நான் எரிஞ்சா மிச்சம் இருக்க மாட்டேன், தெரியுமில்ல?”

இரண்டாவது புரியும் சிவந்தது.

“ஐயோ,” என்றது ஃபியூஸ். “யாராவது போங்களேன். ஐயோ, தாங்காதே!”

மூன்று புரியும் ஒரே நேரத்தில் வெடித்தன. கட்டடம் இருண்டது. டிவி செத்தது. மேலே ராடு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. மாடி மீட்டரின் சக்கரம் நின்றது.

இருட்டில் முதலில் ஒரு தாழ்ப்பாள், பிறகு இன்னொன்று.

“பாய்? உங்க வீட்ல கரண்ட் இருக்கா?” கதவு இடுக்கிலிருந்து கமலாபென்.

“இல்லம்மா. உங்க வீட்லயுமா?”

“விளக்கை அணைச்சுட்டு உள்ள பூந்துடுவாங்கன்னு சொன்னாங்களே,” என்று ஷாகிரா கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

சிகாமணி டார்ச்சும் கடப்பாரையுமாக வந்தார். கரிந்த கட்டையின் மேல் டார்ச்சை அடித்தார். “மூணு புரி போட்டேனே! இது எப்படிங்க எரியும்?”

மின்விசிறி இல்லை, டிவி இல்லை. கட்டடம் இப்படி அமைதியாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த அமைதியில் மேலே ‘டொக்’ என்று ஒரு தட்டல்.

“போகாதீங்க!” என்றார் ஷாகிரா. “அவங்கதான் அது.”

“அவங்கன்னா நம்மைத் தாண்டி எப்பம்மா மேல போனாங்க?” என்றார் பாஷா.

கமலாபென் டார்ச் வெளிச்சத்தில் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த கடைசிப் படியைப் பார்த்தார். “கரண்ட் போனா எல்லாரும் வரும். மேல் வீட்டுப் பொண்ணு ஏன் வரல?”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டே படியேறினார்கள். அறைக் கதவு முன் நின்று கூப்பிட வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. சிகாமணி “பாப்பா!” என்றார். கமலாபென் “பேட்டா!” என்றார். ஷாகிரா “மகளே, மகளே!” என்று கதவை அறைந்தார்.

“லிந்தோய்,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “ஐ ஆம் லிந்தோய்.”

கடப்பாரை கும்பலுக்காக வைத்தது. அது இரண்டு கதவைப் பெயர்த்தது. வாளியில் அடியோடு அடியாகக் கொஞ்சம் தண்ணீர் ஆவி பறக்கக் கிடந்தது. வாளியின் ஒரு பக்கம் இளகித் தொங்கியது. லிந்தோயைப் பெட்ஷீட்டில் கிடத்தி, நாலு முனையையும் நாலு பேர் பிடித்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியில் யாரும் ‘சத்தம் கேட்டது’ என்று சொல்லவில்லை. ‘கேட்கவில்லை’ என்றும் சொல்லவில்லை.

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பியபோது கட்டடம் இன்னும் இருட்டாகவே இருந்தது. லிந்தோயைக் கடைசிப் படியில் மெல்ல உட்காரவைத்தார்கள். சிகாமணி கம்பிச் சுருளோடு மீட்டர் பலகை முன் நின்றார்.

“இந்தத் தடவை ஆறு புரியாப் போடுங்கண்ணே,” என்றார் பாஷா.

“வேணாம்,” என்றார் கமலாபென். “மெல்லிசு போடு. போனா போகட்டும். போனாத்தானே நாம வெளிய வருது.”

சிகாமணி கெட்டிக் கம்பியைக் கீழே வைத்தார். தலைமுடி போல் மெலிந்த ஒற்றைக் கம்பியை எடுத்துச் சுற்றி, கட்டையைச் செருகினார். வெளிச்சம் வந்தது. நாலு சக்கரங்களும் மெல்ல அசைந்தன.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றது புது ஃபியூஸ்.

மீட்டர்கள் எதுவும் சிரிக்கவில்லை.