கருப்பட்டி கவ்விய செருப்பு

அந்தக் காலத்தில் நாய்க்கும் பேச்சு வரும், காருக்கும் பேச்சு வரும். மனிதர்களுக்கு இரண்டும் புரியும். யார் பேச்சைக் கேட்டு நடப்பது என்பதுதான் அவரவர் பாடு.

ஊருக்கு வெளியே, ஏரியை ஒட்டி மனை போட்ட செவ்வந்தி நகரில் வேதவல்லி என்றொருத்தி இருந்தாள். காலையில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க நடந்து போவாள். கருப்பட்டி என்ற தெருநாய் கூடவே போகும். வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கதை பேசுவாள். கடையில் கருப்பட்டிக்கு ஒரு பொறை ரொட்டி கிடைக்கும். பொறையைவிட அந்த நடைதான் அதற்கு உயிர்.

ஒரு நாள் வேதவல்லி கார் வாங்கினாள். சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. மறுநாள் பாலுக்குக் கிளம்பியவளிடம் கார் சொன்னது:

"ஏறுங்கம்மா, நான் எதுக்கு இருக்கேன்?"

"இதோ இருக்கிற கடைக்கா?"

"வாங்கி வாசல்ல சும்மா நிறுத்தி வெச்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது வண்டி. மண் படக் கூடாதென்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஏறினாள்.

கடை முன்னால் ஜல்லி கொட்டிக் கிடந்தது. வெறுங்காலோடு எப்படி இறங்குவது? கண்ணாடியை இறக்கி, "ஞானதுரை, பாலை இங்கயே குடுத்துடுப்பா" என்றாள்.

"அதுக்கென்னக்கா" என்று கடைக்காரர் கொண்டுவந்து நீட்டினார்.

இது ரொம்ப வசதியாக இருந்தது. தினமும் அப்படியே ஆனது. அவளோடு கதை பேசியவர்களும் ஒவ்வொருவராகக் கார் வாங்கினார்கள். பிறகு தெருவில் கால்களே இல்லை.

கருப்பட்டி வாசலில் கிடந்த செருப்புக்குக் காவல் இருந்தது. செருப்பை மறந்துவிட்டதால்தான் அம்மா நடக்கவில்லை என்று அது நம்பியது. பாவம், வேறு காரணம் அதற்குத் தோன்றவில்லை. ஒரு காலையில் செருப்பைக் கவ்விக்கொண்டு காரின் பின்னால் ஓடியது.

"அம்மா, செருப்பு!"

கத்த வாயைத் திறந்ததும் செருப்பு விழுந்துவிட்டது. திரும்பி எடுக்கப் போனால் கார் போய்விடும். கார் இரைச்சலில் அம்மாவுக்குக் கேட்கவில்லை; கூப்பிட்டுக்கொண்டே ஓடியது. கடையில் கார் நின்றதும் அருகில் போனது. அப்போதுதான் வாய் காலியென்பது நினைவுக்கு வந்தது. கொடுக்க ஒன்றுமில்லாமல் என்ன சொல்வது? வழியில் விழுந்த செருப்பைக் கவ்விக்கொண்டு வாசலுக்கே திரும்பியது.

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும். ஓடி ஓடிக் கத்தியதில் சொற்கள் தேய்ந்து, கடைசியில் "லொள்" மட்டும் மிஞ்சியது.

"இந்த நாய்க்கு என்ன கேடோ, காரைக் கண்டாலே துரத்துது" என்று வேதவல்லி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அன்று முதல்தான் நாய்கள் வாசலில் கிடக்கும் செருப்பைக் கவ்விக்கொண்டு போகின்றன. ஓடும் காரைக் குரைத்துக்கொண்டே துரத்துகின்றன. கார் நின்றதும் எதையோ தவறவிட்டது போல் ஒரு கணம் விழித்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பிப் போகின்றன.