இஸ்திரி போட்ட பாட்டு

“எல்லாம் வந்துட்டு டீச்சர். அவ மட்டும் வரல.”

ஆசீர்வாதம் இப்படிச் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அவருக்கு வயது அறுபத்து நாலு. டீச்சர் ருக்கையாவுக்கு முப்பத்தாறு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறவர்கள், பாளையங்கோட்டை மார்க்கெட் மாடியில் ருக்கையாவின் கடைக்கு வந்து பார்க்கலாம். நோட்டும் பேனாவுமாக, மூன்று வாரமாக, அறுபத்து நாலு அங்கே வளைந்துகொண்டிருந்தது.

ருக்கையா பழைய கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைக்கிறவர். கேட்கிறவர்களுக்குப் பாடமும் சொல்லித் தருவார். ஆனால் வாயைத் திறந்து பதில் சொல்வது அபூர்வம். அதைத் தெரிந்துகொள்ளவே ஆசீர்வாதத்துக்கு ஒரு வாரம் பிடித்தது.

“யாரு வரல?”

“ரோஸ்லின்.”

ரோஸ்லின் அவர் மனைவி. போன ஆகஸ்டில் இறந்துபோனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நினைவு நாள்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசீர்வாதம் கிறிஸ்தவப் பாட்டுக் கேசட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் இருந்த மச்சான் அவருக்கு ஒரு சாம்பல் நிறக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கீபோர்டில் வாசித்தால் அது வாசிப்பைக் குறித்துக்கொள்ளும். சத்தத்தை அல்ல. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எப்போது விட்டது. அவ்வளவுதான். அந்தக் குறிப்பைப் பார்த்துச் சத்தம் போடுவது கீபோர்டின் வேலை.

அப்படி நாற்பது பாட்டு. அதில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆர்கன் வாசித்தது ரோஸ்லின். அந்தக் கேசட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது. ரோஸ்லின் வாசித்தார் என்பதற்கு இந்தக் குறிப்பைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கேட்க வேண்டும் என்பது ஆசீர்வாதத்தின் ஆசை. அதற்காகத்தான் புது சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வந்தார். நேற்று நாற்பது பாட்டையும் தானே அதற்கு மாற்றியும்விட்டார்.

“நீங்களே கேளுங்க.”

ருக்கையா கேட்டார்.

“சுத்தமா இருக்கே சார்.”

“அதத்தான் சொல்லுதேன். அவ சுத்தமா வாசிக்கவே மாட்டா.”

“ஆர்கன் சத்தத்த மாத்திப் பாத்தீங்களா?”

“பதினாலு ஆர்கன் மாத்திட்டேன். லண்டன் கோயில் ஆர்கன்கூட போட்டுப் பாத்துட்டேன். எல்லாம் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு.”

“அவங்க எப்படி வாசிப்பாங்க?”

ஆசீர்வாதம் சிரித்துவிட்டார்.

“பிந்துவா. நான் பாடுவேன், அவ வாசிப்பா. மூணாவது வரியில கை பிந்திரும். அப்புறம் ஓடியாந்து தாளத்தோட சேந்துக்கிடுவா. ஒவ்வொரு சரணத்துலயும் அதே எடம். தாளம் தட்டுற மெட்ரோனோம் ஒரு பக்கம் கத்தும். நான் அதுக்கு மேல கத்துவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, இஸ்திரி போட்டுட்டேன்.”

முன்னே பின்னே விழுந்த விரல்களை இழுத்துத் தாளத்தின் கோட்டில் நிறுத்தும் வசதி ஒன்று அந்தப் பழைய சாஃப்ட்வேரிலேயே உண்டு. ஆசீர்வாதமும் அவர் கூட்டாளிகளும் அதை இஸ்திரி என்பார்கள். காலையில் பல் தேய்ப்பது மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. வாசித்து முடித்ததும் கை தானாக அந்தக் கட்டைக்குப் போய்விடும்.

“அவங்க முன்னாலயேவா?”

“முன்னாலயேதான். ‘பாத்தியா, இப்பதான் ஒன் கை சரியாயிருக்கு’ன்னு வேற சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சிரிச்சா. சோறு எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டா. அதுக்கப்புறம் கீபோர்டு பக்கமே வரல.”

தெருவில் ஒரு ஆட்டோ நின்று, கிளம்பிப் போனது.

“முப்பத்து மூணு வருசம் டீச்சர். ஏன் வரலைன்னு நானும் கேக்கல.”

ஆசீர்வாதம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

“எங் கையாலயே அழிச்சுட்டேன். அந்தப் பிந்துன கை இனி எங்க கெடைக்கும்? சொல்லுங்க.”

ருக்கையா எழுந்தார். மூலையில் போர்வை போர்த்திக் கிடந்த ஆசீர்வாதத்தின் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார்.

“இது எதுக்கு? எல்லாந்தான் எடுத்தாச்சே.”

“உக்காருங்க சார்.”

சுவிட்சைப் போட்டார். பிளாப்பி கறகறவென்று முனகியது. சூடான தூசி வாசம் எழுந்தது. ஆசீர்வாதத்துக்கு அந்த வாசத்தில் கண் கலங்கிவிட்டது. முருகன்குறிச்சி வாடகை வீடும், மேசைக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிய இரண்டு பிள்ளைகளும், ரெக்கார்டிங்குக்காக நிறுத்திவைத்த மின்விசிறியும், முந்தானையால் விசிறிக்கொண்டே வாசிக்க உட்கார்ந்த ரோஸ்லினும் ஒரு நொடியில் வந்துபோனார்கள்.

கறுப்பு வெள்ளைத் திரை வந்தது. எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க அந்தப் பெட்டி விடாது. நாற்பது பாட்டும் பாதிப் பாதிப் பெயரோடு வரிசையில் நின்றன.

ருக்கையா ரோஸ்லினின் பாட்டைத் திறந்தார். ஆர்கன் என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் பதினாறு என்று இருந்தது.

“இது?”

“அதான் இஸ்திரி. நான் போட்டது.”

ருக்கையா அந்தப் பதினாறை எடுத்துவிட்டார். கட்டம் காலியானது.

“எடுத்து என்ன செய்ய? அழிச்சது அழிச்சதுதானே?”

“யாரு அழிச்சா? வாசிச்சது அடியில அப்படியேதான் கெடக்கு. இது மேல நேராக்கிக் காட்டும், அம்புட்டுத்தான். நேத்து நீங்க மாத்துனப்ப, நேராக்குனதுதான் அங்க போயிருக்கு.”

பழைய பெட்டியிலிருந்து புதிய கம்ப்யூட்டருக்கு ஒரு வயரைச் செருகினார். பழையது வாசிக்கும், புதியது சத்தம் கொடுக்கும். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டார்.

ஆர்கன் வந்தது.

இடது கை கொஞ்சம் பலமாக இருந்தது. சுண்டு விரல் பட்டும் படாமலும் விழுந்தது. முதல் வரி போனது. இரண்டாவது வரி போனது. மூன்றாவது வரியின் நடுவில் தாளம் தட்டியது, கை வரவில்லை. பிறகு வந்தது.

“அவதான்!”

ஆசீர்வாதம் துள்ளி எழுந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“பிந்துதாளா? பாத்தீங்களா டீச்சர்? சண்டாளி, அதே எடத்துல பிந்துதா பாருங்க! இப்படியே ஏத்திருங்க. இப்பவே ஏத்திருங்க.”

ருக்கையா பாட்டை நிறுத்தி, முதலுக்குக் கொண்டுபோனார்.

“பாடுங்க.”

“நானா?”

“அன்னைக்கு நீங்க பாடத்தானே அவங்க வாசிச்சாங்க?”

“கொரல் போயிட்டு டீச்சர். சின்னதுலருந்தே மூச்சு இழுப்பு வேற.”

“பாடுங்க சார்.”

குரு சொன்னால் செய்ய வேண்டியதுதான். ஆசீர்வாதம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பாடினார். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரி நீளம். பாதியில் நெஞ்சு அடைத்தது. நிறுத்தி, மூச்சை இழுத்தார்.

தாளம் தட்டிவிட்டுப் போனது.

அவர் மறுபடி வாயைத் திறந்தார். ரோஸ்லினின் கையும் அப்போதுதான் விழுந்தது.

ஆசீர்வாதம் ருக்கையாவைப் பார்த்தார். ருக்கையா வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணத்திலும் மூன்றாவது வரியில் மூச்சு முட்டியது. இழுத்தார். அவர் பாட ஆரம்பித்த இடத்தில் கை விழுந்தது.

மூன்றாவது சரணத்தில் அவரால் பாட முடியவில்லை. ஆர்கன் மட்டும் போனது. மூன்றாவது வரியின் நடுவில், பாட யாரும் இல்லாத இடத்தில், அது நின்றது. பிறகு போனது.

பாட்டு முடிந்தது. ஆசீர்வாதம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். ருக்கையா தடுக்கவில்லை.

பிறகு ருக்கையா புதிய கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏத்தவா சார்? நீங்களும் பாடுதீங்களா?”

ஆசீர்வாதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“பாடுதேன். கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கிடுதேன்.”

“முடியுமா? நடுவுல முட்டிச்சுன்னா?”

“முட்டட்டும்” என்றார் ஆசீர்வாதம். “அவ நிப்பா.”