கிரேனாப்பு அக்கா போட்ட பச்சை டிக்

ஏலே, வாலிபர் கூட்டத்துலயாவது போன கீழ வைங்க.

மடிக்குள்ள ஒளிச்சு வச்சா தெரியாதுன்னு நெனப்பா? வெளிச்சம் உன் மூக்குல அடிக்குலே. தூரத்துல இருந்து பாத்தா தேவதூதன் மாதிரி இருக்கே. கிட்ட வந்தா வழக்கம்போல நீயாத்தான் இருக்கே.

"நான் பைபிள் ஆப்பு பாக்கேன்"னு சொல்லுவே. பாரு, நல்லாப் பாரு. ஆதியாகமத்துல யாரும் விக்கெட் எடுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

சரி, கதைக்கு வாரேன். ஒரு குரு, ஒரு சீடர்.

குருன்னதும் தாடியத் தேடாதீங்க. இந்தக் குருவுக்கு முப்பது வயசு. பேண்ட்ட முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கிட்டு, சபைக்குப் பின்னால இருக்க ஞானஸ்நானத் தொட்டிக்குள்ள நின்னு பாசி தேய்க்காரு. பேரு பாஸ்டர் யாபேஸ்.

சீடர் தொட்டிக்கு வெளிய நிக்கா. கிரேனாப்பு அக்கா. வயசு ஐம்பதத் தாண்டிட்டு. யாபேஸ் சின்னப்பிள்ளையா இருக்கும்போது சண்டே கிளாஸ்ல காதத் திருகி வசனம் சொல்லிக் குடுத்தவளே இவதான். இன்னைக்கு அவரு பாஸ்டர், இவ சபைக்காரி. கோபம் இல்லேன்னா "பாஸ்டர்"ம்பா. கோபம் வந்துட்டா "ஏலே யாபேசு"தான்.

அன்னைக்கு கோபம்.

"ஏலே யாபேசு! போன் வழியா பிசாசு இந்தச் சபையத் தின்னுக்கிட்டு இருக்கு. நீ தொட்டியத் தேச்சிக்கிட்டு நிக்கே!"

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் இருக்குக்கா. பாசில வழுக்கினா உள்ள இருக்க பழைய பாவ மனுஷன் சாவுதானோ இல்லையோ, இடுப்பு எலும்பு போயிரும்."

"பல்லக் காட்டாதே. வாசல்ல ஒரு பெட்டி வை. உள்ள வாரவன் போன அதுல போட்டுட்டு வரட்டும். நீ மேல நின்னு தொண்டை கிழியக் கத்துதே, பின் வரிசைல ஒருத்தன் குத்துப்பாட்டு பாக்கான். பொம்பளைக ஜெபக்கூட்டத்துல நாடகக் கதை பேசுதாளுக. இதுகள எப்படித்தாம்லே திருத்த?"

அக்கா சும்மா பேசுத ஆளு கிடையாது. சொந்த வீட்டு டிவியத் தூக்கி நடுத்தெருவுல போட்டு உடைச்சவ. தெருவே நின்னு பாத்துச்சு. அந்த டிவில ஓசிக்கு நாடகம் பாத்துக்கிட்டு இருந்த பக்கத்து வீட்டுக்காரி இன்னைக்கு வரைக்கும் இவகூடப் பேசுததில்ல.

பாஸ்டர் பாசியச் சுரண்டிக்கிட்டே கேட்டாரு.

"சங்கிலி ஜெபம் எப்படிப் போச்சுக்கா?"

அக்கா மூஞ்சி இன்னும் சிவந்துட்டு.

அந்தச் சபையில ஜெயமேரின்னு ஒருத்தி. அவ வீட்டுக்காரரு பெயிண்ட் வேலைக்குப் போன இடத்துல சாரத்துல இருந்து விழுந்துட்டாரு. மண்டையில ஆப்பரேஷன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில கண்ணு தொறக்காமக் கிடக்காரு. அவருக்காகத்தான் சங்கிலி ஜெபம். ஆளுக்கு ஒரு மணி நேரம், அவங்கவங்க வீட்டுல முழங்கால் போடணும். ஒருத்தர் முடிக்கும்போது அடுத்தவரு ஆரம்பிக்கணும். நடுவுல இடைவெளி விழக்கூடாது. முன்னாடியெல்லாம் முடிச்சவங்க அடுத்த வீட்டுக்கு நடந்து போயி கதவத் தட்டுவாங்க. இப்ப எதுக்கு நடக்க? வாட்ஸ்அப்புல குரூப்பு. முடிச்சா ஒரு பச்சை டிக். அவ்வளவுதான்.

குரூப்புக்கு அட்மின் யாரு? வேற யாரு.

"அறுந்துபோச்சு பாஸ்டர். லில்லிபுஷ்பம் அறுத்துட்டா."

"எப்படி?"

"தூங்கிட்டாளாம். 'மன்னிச்சிருங்க, தூங்கிட்டேன்'னு குரூப்புல போடுதா, வெக்கமில்லாம. ஊரே டிக் போட்டுருக்கு. இவ ஒருத்தி தூங்கிட்டாளாம்!"

"அவ ரெண்டு ராத்திரியா ஆஸ்பத்திரில ஜெயமேரிகூட உக்காந்திருந்தாக்கா."

"அதுக்கு? ஜெபத்துல சாக்கு உண்டா? அந்த நிமிஷமே குரூப்ப விட்டுத் தூக்கிட்டேன். 'சங்கிலி லில்லியால அறுந்தது, அந்தச் சகோதரன் இன்னும் கண் திறக்கவில்லை'ன்னு எழுதியும் போட்டுட்டேன். அடுத்தவங்களுக்கு ஒரு பயம் இருக்கணும்லா?"

பிரஷ் நின்னுட்டு.

"உங்க நேரம் எதுக்கா?"

"மத்தியானம் ரெண்டு மணி."

"டிக் போட்டீங்களா?"

"போடாம? மூணு அடிச்ச உடனே போட்டேன். ஒரு நிமிஷம் பிந்தல."

"என்ன ஜெபிச்சீங்க?"

"என்ன கேள்வி இது? ஜெபிச்சேன்."

"சொல்லுங்களேன். தெரிஞ்சுக்கிடுதேன்."

அக்கா சொல்ல ஆரம்பிச்சா.

"ரெண்டு மணிக்கு முழங்கால் போட்டேன். பாத்தா, ஒரு மணிக்காரன் டிக் போடல. அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கல. மறுபடி போட்டேன். வாரேன் வாரேன்னான். அதுக்குள்ள நம்ம செல்வின் பய சங்கிலிக் குரூப்புல சினிமாப் பாட்டு போடுதான், கை தவறிட்டாம். அவனுக்கு நாலு வார்த்தை எழுதினேன். பெறவு ஒரு அருமையான செய்தி வந்துச்சு பாஸ்டர், போன்ங்கிறது எப்படி அந்திக்கிறிஸ்துவோட கண்ணின்னு ஒரு ஊழியக்காரரு பேசுதாரு. உடம்பு புல்லரிச்சுட்டு. அத எல்லாருக்கும் அனுப்பினேன். ஒவ்வொருத்தரா ஆமென் போட்டாங்க. யாரு போடலன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள மணி மூணு."

சொல்லி முடிச்சுட்டு அக்கா ஜெயிச்ச மாதிரி நின்னா.

பாஸ்டர் தொட்டி விளிம்ப ஈரக் கையால தொடச்சாரு.

"போன இங்க வைங்க."

"எதுக்கு?"

"வைங்கக்கா. நான் தொடமாட்டேன். உங்க கண்ணுக்கு முன்னாலயே இருக்கட்டும். அந்த மனுஷனுக்காக இப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க. நான் வேலையப் பாக்கேன்."

"இது என்ன பரீட்சையா? உனக்கு ஜெபிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்."

"ஆமா. அதான் கேக்கேன்."

அக்கா முந்தானைய எடுத்துத் தலையில போட்டா. கண்ண மூடினா.

"அன்பின் பரலோகப் பிதாவே..."

போன் குர்ருன்னுச்சு. அக்கா ஒரு கண்ணத் தொறந்தா.

"முதல்ல இருந்து," ன்னாரு பாஸ்டர். தலைய நிமித்தல.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்..."

குர்ர்.

"முதல்ல இருந்து."

"ஏலே, நான் பாக்கவே இல்ல!"

"கழுத்து திரும்பிச்சு."

அக்கா பல்லக் கடிச்சா. கண்ண இறுக்கி மூடினா. அவ அந்தக் கண்ண மூடின வேகத்துல பிசாசு இருந்திருந்தா நசுங்கிச் செத்திருக்கும்.

"பிதாவே! ஆஸ்பத்திரில கிடக்க எங்க சகோதரன், ஜெயமேரி வீட்டுக்காரரு... அந்தச் சகோதரன்..."

நின்னுட்டா.

"பேரு?" ன்னாரு பாஸ்டர்.

அக்கா வாயத் தொறந்தா. கண்ண மூடினபடியே வலது கை தன்னால நீண்டு, தொட்டி விளிம்புல தடவி, போன எடுத்துட்டு.

எடுத்த பெறகுதான் கண்ணத் தொறந்தா.

பாஸ்டர் அந்தக் கையவே பாத்துக்கிட்டு நின்னாரு.

"என்னலே பாக்கே? குரூப்புல மேல போனா பேரு இருக்கும். ஆண்டவருக்கு அவரு பேரு தெரியாதாக்கும்?"

"அவருக்குத் தெரியும்."

"பெறவு என்ன?"

"உங்களுக்குத் தெரியலியேக்கா. ஊரக் கூட்டி ஒரு நாள் முழுக்க ஜெபிக்க வச்சிருக்கீங்க. யாருக்குன்னு பாக்க போன எடுக்கீங்க."

"இங்க பாரு யாபேசு, வார்த்தைய அளந்து பேசு. இந்தச் சபைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணு சுமந்தவ நான். உன் டிரவுசர்ல பட்டன் போட்டு விட்டவ நான்!"

பிரஷ் தொட்டிச் சுவத்துல போயி மோதி உடைஞ்சுட்டு.

எறிஞ்சது பாஸ்டர்தான். அவரு அப்படிக் கோபப்பட்டு யாரும் பாத்ததில்ல. அக்கா ரெண்டு அடி பின்னால போயிட்டா.

"காலைல ஆஸ்பத்திரிக்குப் போனேன்க்கா. ஜெயமேரி நேத்து மத்தியானத்துல இருந்து சாப்பிடல. லில்லி சோறு கொண்டு போயிருக்கா. வராண்டாவுல வச்சே திருப்பி அனுப்பிட்டா. 'நீ தூங்கினதாலதான் எம் புருஷன் முழிக்கல, என் கண்ணு முன்னால வராதே'ன்னுட்டா. துணைக்கு இருந்தது ஒரே ஒரு ஆளு. அதையும் வெரட்டிட்டா. இப்ப தனியா உக்காந்திருக்கா. அந்த வார்த்தைய அவ வாயில போட்டது யாரு?"

"நான் குரூப்புலதான..."

"கெத்செமனே தோட்டத்துல ஆண்டவரு ஜெபிக்கும்போது சீடருங்க மூணு பேரும் தூங்கினாங்க. கூடவே இருந்தவங்க. அந்த நேரத்துல. அவரு யாரையாவது குரூப்ப விட்டுத் தூக்கினாரா?"

காக்கா ஒண்ணு தொட்டி மேல வந்து உக்காந்துச்சு. இவங்க மூஞ்சியப் பாத்துட்டுப் பறந்துட்டு.

அக்கா போன்ல விரல வச்சா.

"என்ன செய்யுதீங்க?"

"மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் போட்டுருதேன் பாஸ்டர். இப்பவே. எல்லாரும் பாக்கட்டும்."

"யாரு பாப்பாங்க?"

"எல்லாரும்."

"ஜெயமேரிகிட்ட இருக்கது பட்டன் போனு. நீங்க எழுதினத யாரோ புண்ணியவதி கூப்பிட்டு வாசிச்சுக் காட்டியிருக்கா. லில்லிய நீங்க தூக்கியாச்சு. யாருகிட்டக்கா மன்னிப்புக் கேக்கப்போறீங்க? டிக் போட்டவங்ககிட்டயா?"

அக்கா ஒண்ணும் எழுதாமலே போனப் பையில போட்டா. வாழ்க்கையில முதல் தடவைன்னு நெனைக்கேன்.

"அவரு பேரையாவது சொல்லு பாஸ்டர்."

"மாட்டேன்."

பாஸ்டர் குனிஞ்சு, உடைஞ்ச பிரஷ்ஷோட தலையப் பொறுக்கி எடுத்து, அதை வச்சே பாசி தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு.

அக்கா பஸ் ஏறினா.

பஸ்ல டிவில சினிமாச் சண்டை ஓடுது. வேற நாளா இருந்தா கண்டக்டரப் பிடிச்சு நரக ஆக்கினைத் தீர்ப்பு வரைக்கும் கொண்டு போயிருப்பா. அன்னைக்கு அவ வாய் முணுமுணுக்கறது பஸ்ஸுக்குக் கேக்கல. முதல்ல பாஸ்டரத் திட்டினா. காதத் திருகினது பத்தல, பிச்சு எடுத்திருக்கணும்னு நெனைச்சா. அடுத்து லில்லியத் திட்டினா. தூங்கினவ சும்மா டிக்கப் போட்டுட்டுப் போகவேண்டியதுதான, எல்லாரும் அதத்தான செய்யுதாங்கன்னு திட்டினா. திட்டி முடிக்கும்போது அவ வாய்ல இருந்து வந்தத அவளே கேட்டா. அப்புறம் ஒரு மணிக்காரன், செல்வின், ஜெயமேரிக்குப் போன் போட்டு வாசிச்சவ, போனக் கண்டுபிடிச்சவன்.

பாளையங்கோட்டை வரதுக்குள்ள திட்டுறதுக்கு ஆளு தீந்துபோச்சு.

ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு பழைய பெட்ஷீட்ட விரிச்சு ஜெயமேரி உக்காந்திருந்தா. முடி சீவல. பக்கத்துல தண்ணி பாட்டில் மட்டும். அக்காவப் பாத்த உடனே எழுந்திரிக்கப் பாத்தா, முடியல.

"வாங்கக்கா. நீங்களாவது வந்தீங்களே."

அக்கா தரையில உக்காந்தா. வழில வாங்கின இட்லிப் பொட்டலத்த நீட்டினா. ஜெயமேரி வாங்கி மடியில வச்சிக்கிட்டா, பிரிக்கல.

"உன் வீட்டுக்காரரு பேரு என்னம்மா?"

ஜெயமேரி அவள ஒரு மாதிரியாப் பாத்தா.

"இசக்கிமுத்து. அவரு சபைக்கு வரமாட்டாருல்லாக்கா. அதான் அங்க யாருக்கும் தெரியாது."

"இசக்கிமுத்து," ன்னா அக்கா.

உள்ள ஏதோ மிஷின் பீப் பீப்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஜெயமேரி அந்தச் சத்தம் வந்த பக்கமே பாத்துக்கிட்டுப் பேசினா.

"டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. பொறுத்துப் பாப்போம்ங்காரு. எனக்கு வேற யாருமேலயும் கோபம் இல்லக்கா. நீங்கள்லாம் உங்க வேலைய விட்டுட்டு முழங்கால்ல நின்னிருக்கீங்க. அந்த லில்லி ஒருத்திதான்... கூடப் பொறந்தவ மாதிரி நெனைச்சேன். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் அவளால முழிச்சிருக்க முடியல. வரட்டும், அவ மூஞ்சில..."

"ஜெயமேரி."

"சொல்லுங்கக்கா."

"அவ தூங்கினது நெசந்தான். நான் என் நேரம் முழுக்க முழிச்சுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை ஜெபிக்கல."