புளியை நாடுகடத்திய ராஜா

வெகு காலத்துக்கு முன்னே, கடவுள் புண்ணியத்தில் மழைக்குக் குறைவில்லாத வெண்கரை நாட்டைச் செண்பகமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. கடைசியாகக் காதில் ஓதியவர் சொல்வதே சட்டம்.

அரண்மனையில் உலகம்மை என்ற விதவை சமைத்து வந்தாள். அவள் வைக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கு ராஜா மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். அந்தச் சமையல் வேலையில் தன் மைத்துனனை வைத்துவிட வேண்டுமென்று கஸ்தூரி நாயகம் என்ற பிரபுவுக்கு ஆசை.

ஒருநாள் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "மகாராஜா, தங்களைப் பார்க்க வருகிறவர்கள் கையில் என்ன கொண்டு வருகிறார்கள்?"

"எலுமிச்சம்பழம்."

"யாராவது ஒரு கொட்டைப் புளியை நீட்டியதுண்டா? எலுமிச்சை ராஜகனி. புளி, கூலிக்காரன் சட்டியில் கிடப்பது. அதைக் கரைத்து உங்களுக்கு ஊற்றுகிறாளே அந்தம்மாள்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இனி வெண்கரையில் புளியே கூடாது. யாரிடம் புளி இருந்தாலும் உடுத்த துணியோடு எல்லை தாண்ட வேண்டும்!" என்று பறை அறைவித்துவிட்டான்.

மறுநாள் கஸ்தூரி நாயகமே சமையற்கட்டுக்கு வந்து நின்றார். உலகம்மை குழம்பை இறக்கி வைத்துவிட்டு, புளிக்குப் பதிலாகப் பிழிய எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"ஏன் இறக்குகிறாய்? புளி என்றால் கொதிக்க விடுவாய், ராஜகனிக்கு அந்த மரியாதை இல்லையா? அடுப்பிலேயே பிழி! நன்றாகக் கொதிக்கட்டும்."

"ஐயா, கொதித்தால் கசந்து போகுமே."

"எனக்கா சொல்லித் தருகிறாய்?"

ராஜா ஒரு வாய் வைத்தான், துப்பினான். கஸ்தூரி நாயகம் பக்கத்தில் நின்று, "புளி போன கோபத்தை இவள் குழம்பில் காட்டிவிட்டாள்" என்றார். "நாளைக்கு இவளும் நாட்டை விட்டுப் போகட்டும்!" என்றான் ராஜா. பாவம், அவளுக்குப் போக்கிடம் ஏது?

அடுத்த நாள் சபை கூடியது. உலகம்மை துணி மூட்டையோடு ஓரமாக நின்றாள். மந்திரி நல்லசிவம் எழுந்தார்.

"மகாராஜா, இந்தம்மாள் போகும் முன் ஒரு விசாரணை. நேற்றுக் குழம்பு ஏன் கசந்தது? வைத்தியரைக் கேட்டேன். விஷமானாலும் அப்படித்தான் கசக்குமாம்."

மந்திரி உலகம்மையின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, பயப்படாமல் சொல்லுங்கள். குழம்பு கொதிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்?"

"கஸ்தூரி நாயகம் ஐயாதான் நின்றார். இறக்கிய குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றச் சொன்னதும் அவர்தான்."

"அப்படியா! ராஜாவின் உணவில் கை வைத்தவருக்குக் கழுமரம் என்றல்லவா நம் சட்டம்?"

கஸ்தூரி நாயகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை! பழத்தைக் கொதிக்க விடச் சொன்னேன், அவ்வளவுதான்! கழு என்கிறீர்களே, வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, மகாராஜா!"

மந்திரி சட்டென்று கைகூப்பினார். "கேட்டீர்களா, மகாராஜா? கொதிக்க விட்டதையும் சொல்லிவிட்டார். புளி இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டார். நாடு முழுக்கத் துரத்திய புளி இவர் வயிற்றில் கரைந்து கொண்டிருக்கிறது. உடுத்த துணியோடு அனுப்பலாமா?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சபையே குலுங்கியது.

"இன்னொன்றும் உண்டு" என்றார் மந்திரி. "தங்கள் பேரைக் கேட்டாலே பகைவர் வயிற்றில் புளி கரைய வேண்டும். புளியே கூடாதென்றால் எவன் பயப்படுவான்?"

"அடடா, அதை யோசிக்கவில்லையே!" என்றான் ராஜா. "எலுமிச்சை என் கைக்கு வரட்டும், இறக்கி வைத்த சோற்றுக்கும் வரட்டும். கொதிக்கிற குழம்புக்குப் புளியே இருக்கட்டும். உலகம்மா, மூட்டையை அவிழம்மா. நேற்றைய குழம்பு மீதம் உண்டா?"

"சட்டி நிறைய இருக்கிறது, ராஜா."

கஸ்தூரி நாயகத்துக்கு இலை போட்டார்கள். ஒரு கவளம் இறங்குவதற்குள் கண்ணில் நீர் முட்டியது.

"எப்படி?" என்றான் ராஜா.

"ரா... ராஜ ருசி, மகாராஜா."

"அப்படியா? உலகம்மா, ஐயாவுக்கு இன்னும் ஒரு கரண்டி."